தொடத் தெரியாத முள்ளம்பன்றி

பல்வலியால் கன்னம் வீங்கிப்போன முள்ளம்பன்றி காட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து, டோக்கன் தரும் தொடுதிரையில் ‘பல்’ என்பதை அழுத்தியது. ‘பிரசவம்’ என்று சீட்டு வந்தது.

“எனக்குப் பல்வலிங்க!”

“நீங்க தொட்டதைத்தான் கொடுத்தேன்,” என்றது திரை விறைப்பாக.

மூன்று முறை அழுத்தியும் பிரசவம்தான். நர்ஸ் வாத்து வந்து, “எத்தனாவது மாசம்?” என்று கேட்டதும் முள்ளம்பன்றிக்கு அழுகையே வந்துவிட்டது.

அதைப் பார்த்து இரக்கப்பட்ட ஓர் எலி, திரையின் பின்துளையில் தன் வாலைச் செருகிக்கொண்டு மேசைமேல் நடந்தது. திரைக்குள் அம்புக்குறியும் கூடவே நடந்துபோய் ‘சரிசெய்’ பொத்தானை அமுக்கியது. மூலைக்கொன்றாக நான்கு கூட்டல்குறிகள் தோன்றின.

“ஒவ்வொண்ணையும் நடுவுல தொடுங்கண்ணே, எங்க தொடுறோம்னு திரை சரியாக் கத்துக்கும்,” என்றது எலி.

முள்ளம்பன்றி தொட்டது. பிறகு ‘பல்’ அழுத்தினால் பல் சீட்டே வந்தது.

அது போனதும், வரிசையில் அடுத்து நின்ற புள்ளிமானிடம் திரை சொன்னது: “பாவம், அவருக்குத் தொடவே தெரியல. நாலு மூலையிலயும் தொடவெச்சுப் பழக்கி அனுப்பினேன்.”