கப்பல் பீன்ஸ்

"விட்டுட்டுப் போனவன் வீட்டுக்குச் சமைச்சு எடுத்துட்டுப் போறியே, உனக்கே நல்லா இருக்கா?"

குணாளன் கேட்டது காதில் விழாதது போல, காமினி தக்காளியைத் துருவிக்கொண்டிருந்தாள். செபராங் ஜெயாவிலிருந்து கடல் பாலம் தாண்டி, தீவில் இருக்கும் தங்கையைப் பார்க்க வந்தவன். வந்த இடத்தில் இந்தக் காட்சி.

"அவர் வீடு இல்லண்ணே. அத்தை வீடு."

"அவனைப் பெத்தவங்கதானே?"

காமினி அடுப்பைப் பற்ற வைத்தாள். சட்டியில் ஆலிவ் எண்ணெயைத் தாராளமாகவே ஊற்றினாள். வெங்காயமும் பூண்டும் வதங்கியதும் தக்காளி. பிறகு பீன்ஸை நறுக்காமல் முழுசு முழுசாகப் போட்டாள். மிளகாய் இல்லை, மஞ்சள் இல்லை. கொஞ்சம் உப்பு, ஒரு சிட்டிகை சீனி. மூடி வைத்து அடுப்பைக் குறைத்தாள்.

"பீன்ஸ்தானே, சீக்கிரம் இறக்கு. கிளம்பலாம்."

"இது அப்படி இல்லண்ணே. பச்சை நிறமெல்லாம் போய், தொட்டா குழையணும். அப்பத்தான் கிரீஸ் நாட்டுப் பக்குவம்."

அவள் கணவன் கோகுலன் சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்த்தபோது, கிரேக்கத் தலைமைச் சமையல்காரரிடம் கற்றுக்கொண்டது. வீட்டில் அதற்குப் பெயர் கப்பல் பீன்ஸ். கரைக்கு வந்து ஹோட்டல் வேலையில் சேர்ந்த பிறகும் ஞாயிறானால் இதைச் செய்து மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் புலாவில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு எடுத்துப் போவான். போன வருஷம், கூட வேலை பார்த்த ஒரு பெண்ணோடு போய்விட்டான்.

"அப்பத்தான் அத்தைக்கு ஹார்ட் ஆப்பரேஷன் ஆகியிருந்திச்சு. எப்படிச் சொல்றது? அவருக்கு ஞாயித்துக்கிழமை லீவு இல்ல, செஞ்சு குடுத்து அனுப்பினார்னு சொல்லிட்டேன். அப்படியே ஓடுது."

"மகனுக்கு ஒரு போன் போட்டா தெரிஞ்சு போகுமே?"

"அதான் எனக்கும் புரியல. அத்தை அவரைப் பத்தி எதுவுமே கேக்கறதில்ல."

இவள் சொல்லப் போவதில்லை, இன்றைக்கு நாமே சொல்லிவிட வேண்டியதுதான் என்று குணாளன் முடிவெடுத்துக்கொண்டான். லாயரைப் பார்க்கலாம் என்றால் தள்ளிப்போடுகிறாள். நல்ல இடம் வந்திருக்கிறது என்றால் பேச்சை மாற்றுகிறாள். இந்தப் பீன்ஸ் சட்டி இருக்கிற வரைக்கும் அவளுக்கு விடிவு இல்லை.

"வா, என் காடியிலயே போகலாம்" என்றான்.

டுரியான் பழ சீசன். மலைப்பாதை வளைவெல்லாம் வண்டிகள். காமினி டப்பாவை மடியில் வைத்து, சாய்ந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

கதவைத் திறந்த அத்தை ருக்குமணியின் முகம் மலர்ந்தது. "வா காமினி. அட, தம்பியும் வந்திருக்கீங்களா, உக்காருங்க."

"வேலைக்குப் போறதுக்கு முன்னாடி செஞ்சு வெச்சிட்டுப் போனார் அத்தை." அண்ணன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

ருக்குமணி தலையாட்டிக்கொண்டு, பெங்காலி ரொட்டியைப் பிய்த்து, தட்டில் தேங்கிய எண்ணெயில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டார்.

"நல்லா இருக்குன்னு சொல்லு அவன்கிட்ட."

மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்த்த காமினி, "தீரப் போகுதே அத்தை. முக்கு மருந்துக் கடைக்குப் போய் வாங்கிட்டு வந்துடறேன்" என்று செருப்பை மாட்டினாள்.

அவள் போனதும் குணாளன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான்.

"அத்தை, ஒண்ணு சொல்லணும். மனசைத் திடப்படுத்திக்குங்க."

"கோகுலன் இவளை விட்டுட்டுப் போனதைத்தானே?"

ருக்குமணி பீன்ஸ் தட்டைக் காட்டினார்.

"இதை அவன் செய்யலன்னும் தெரியும். ரொம்ப நாளாவே தெரியும்."

அதிர்ச்சி போன பிறகு அவனுக்குக் கோபம் வந்தது. குரலை அடக்கிக்கொண்டுதான் பேசினான்.

"தெரிஞ்சுகிட்டே அவளை அலைய விடறீங்களா? வாரமெல்லாம் ஆபீஸ். கிடைக்கிற ஒரு லீவு நாள்லயும் அடுப்படி, அப்புறம் இந்த மலைப்பாதை. பொய் சொல்லிச் சொல்லியே அவ வயசு போகுது. உங்களுக்கு வசதியா இருக்கு, இல்ல?"

ருக்குமணி கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

"அவ வர்றது எனக்கு ஆறுதல்தான். இல்லன்னு சொல்ல மாட்டேன். நீங்க நல்ல இடமா பாருங்க தம்பி, அவகிட்ட நானே பேசறேன். ஆனா எனக்குத் தெரியும்ங்கிறதை மட்டும் சொல்லிடாதீங்க."

"ஏன்?"

"எப்படித் தெரியும்னு கேப்பா. தன்னால தாயும் பிள்ளையும் பிரிஞ்சிட்டாங்கன்னு தெரிஞ்சா, அவ உடைஞ்சு போயிடுவா."

"அவளால என்ன பிரிவு?"

ருக்குமணி ஒரு தரம் வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டார். காமினி இன்னும் வரவில்லை.

"நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த கொஞ்ச நாள்ல அவனே வந்தான் தம்பி, அந்தப் பொண்ணையும் கூட்டிக்கிட்டு. எங்களோட வந்து இருங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்னு கெஞ்சினான். எனக்கு இருக்கிறது ஒரே பிள்ளை. இது காமினி வர்ற வீடு, இனிமே இங்க வராதேன்னு சொல்லி, கதவைச் சாத்திட்டேன்."