லைட்டா என்றால் எவ்வளவு?

"அம்மா, உங்க வீட்டுக்காரர் இங்கே வரலை. வந்திருந்தாலும் வரலைன்னுதான் சொல்வேன். தொழில் தர்மம்."

கிளாஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார் பார் சர்வர். நரைத்த மீசை, தோளில் துண்டு. பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு பெண் கைப்பையோடு தனியாக உள்ளே நுழைந்தால் அவர்தான் வேறு என்ன நினைப்பார்?

"நான் அவரைத் தேடி வரலைண்ணே. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தேடி வந்தேன். அகராதி ஆபீஸ்ல வேலை."

"அர்த்தம் தேடி பாருக்கா? அகராதி உருப்பட்ட மாதிரிதான். என்ன வார்த்தை?"

"லைட்டா."

"'லைட்டா போட்டிருக்கேன்'பாங்களே, அந்த லைட்டாவா?"

"அதேதான். 'சிறிதளவு'ன்னு எழுதி நாளைக்கே அச்சுக்கு அனுப்பிடலாங்கிறார் ஆசிரியர். எனக்கு மனசு ஒப்பலை. அப்படி அச்சாயிடக் கூடாதுண்ணே. லைட்டான்னா சரியா எவ்வளவு? நீங்கதான் சொல்லணும்."

சர்வருக்குக் குஷி கிளம்பிவிட்டது. இருபது வருஷமாக இந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறார். அவரிடம் யாரும் பாடம் கேட்டதில்லை.

"அது கேக்கிற ஆளைப் பொறுத்தது. எழுதிக்குங்க. கூட்டாளிகிட்ட சொன்னா, ரெண்டு ரவுண்டு. டாக்டர்கிட்ட சொன்னா, வாரத்துல ஒரு நாள்தான் குடிக்கலைன்னு அர்த்தம். பொண்டாட்டிகிட்ட சொன்னா..."

மூலை மேசையில் ஒருவர் ஃபோனில் குழைந்துகொண்டிருந்தார்: "சத்தியமா லைட்டாதாம்மா, செல்லம்!"

சர்வர் அவளிடம் திரும்பி நாலு விரலைக் காட்டினார்.

அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"சரிண்ணே, போலீஸ்கிட்ட சொன்னா?"

"அதுக்குக் கணக்கே கிடையாதும்மா. எழுந்து நிக்க முடியாதவன்தான் அங்கே போய் 'லைட்டா'ம்பான்."

அவள் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். 'பொருள்' என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. நிதானமாக எழுதினாள்: 'குடித்த அளவை மறைக்கச் சொல்வது.'

"சபாஷ்! இதைவிட யார் சொல்லிட முடியும்? கொண்டாங்க பார்ப்போம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு மற்றதையும் வாசித்தார். "எடுத்துக்காட்டு: 'லைட்டாதான் சார் குடிச்சிருந்தேன்.' சொன்னவர்: காரை ஓட்டியவர். சொன்ன இடம்: காவல் நிலையம்."

நிமிர்ந்து கண்ணைச் சிமிட்டினார். "ஆக, மாட்டினது வீட்டுக்காரர்தான்! நான் அப்பவே நினைச்சேன்."

"காரை ஓட்டினது அவர் இல்லைண்ணே" என்றாள், அட்டையை வாங்கிப் பையில் வைத்தபடி. "அவர் ரோட்டைக் கடந்துக்கிட்டிருந்தார். இருந்த வரைக்கும் அவருக்கு இந்த வாசனையே ஆகாது."