எங்கள் பக்கத்துப் பழம்

பழமும் சர்க்கரையும் இரண்டு மணி நேரமாகக் கொதித்துக்கொண்டிருந்தன. ஜாம் மட்டும் ஆகவில்லை.

சர்வேயர் கரண்டியைத் தூக்கிப் பார்த்தார். தண்ணீராக ஒழுகியது.

மனைவி மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். "இந்த வருஷம் ஜாமெல்லாம் வேண்டாம், பழத்தை அப்படியே சாப்பிடுங்க" என்று கிளம்பும்போதே சொன்னாள். அவர் கேட்கவில்லை. ஒன்பது வருடமாக அவர் வீட்டு பிளம்ஸ் ஜாமுக்குத் தெருவில் அப்படியொரு பேர்.

மரத்துக்கும் அதே ஒன்பது வருடக் கதைதான். ஊர் நிலமெல்லாம் அளந்தவர், தம்பியோடு வீட்டைப் பிரித்துக்கொண்டபோது அதையும் தானே அளந்தார். கோடு நேராக மரத்தின் நடுவில் போனது. மரம் யாருக்கு என்று தொடங்கிய சண்டையில் பேச்சு நின்றது. மரத்துக்கு மட்டும் இடம் விட்டு, இரண்டு புறமும் சுவர் எழும்பியது. கிளை யார் பக்கம் சாய்கிறதோ, பழம் அவருக்கு.

ஒரே மரம்தான். ஆனாலும் தம்பி பக்கத்துப் பழம் வாயில் வைக்க முடியாத புளிப்பு என்று அடித்துச் சொல்வார். ஒவ்வொரு பாட்டிலிலும் 'எங்கள் பக்கத்துப் பழம்' என்று தன் கையால் எழுதி ஒட்டித்தான் கொடுப்பார்.

காலையில் ஏணி போட்டுப் பறித்ததில் முழங்கால் வலித்தது. கொட்டை நீக்கி நீக்கி விரலெல்லாம் சிவந்திருந்தது.

அடிப்பிடித்த வாடை எழும்பியது. கிளறக் கிளறக் கூடியது.

பின்கதவு திறந்தது. பேக்கரி வைத்திருக்கும் தம்பி, மாவு படிந்த கையோடு உள்ளே வந்தார்.

"தள்ளு அண்ணா. முதல்ல தீயைக் குறை."

ஒன்பது வருடம் கழித்துப் பேசிய முதல் பேச்சு அது. சர்வேயர் கோபப்படலாமா என்று யோசித்தார். அந்த வாடையில் எடுபடாது என்று தோன்றியதால் தள்ளி நின்றார்.

தம்பி மேலாக இருந்ததை வேறு பாத்திரத்துக்கு மாற்றினார். எம்பி, மேல்தட்டு டப்பாக்களுக்குப் பின்னால் கையை விட்டு, நீளமான மரக்கரண்டி ஒன்றை எடுத்தார். பார்க்காமலே எடுத்தார்.

அப்படியொரு கரண்டி வீட்டில் இருப்பதே சர்வேயருக்குத் தெரியாது.

"அது அங்க இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே வைப்பேன். அண்ணிக்கு ஜாம் கிண்ட வராது. வருஷா வருஷம் உன்னை எங்கேயாவது அனுப்பிட்டு என்னைக் கூப்பிடுவாங்க." தம்பி கிளறிக்கொண்டே சொன்னார். "உன் பக்கத்துல வெயில் ஜாஸ்தி. பழம் வெறும் இனிப்பு, கெட்டியாகாது. என் பக்கத்துப் புளிப்பு பாதியாவது சேரணும்."

சொல்லிவிட்டு, ஒரு கூடை எடுத்துவரத் தன் வீட்டுக்குப் போனார்.

ஒன்பது வருடத்து பாட்டில்களும் கண்முன் வரிசையாக வந்து நின்றன. சர்வேயர் தம்பி வரும்வரை கிளறிக்கொண்டே நின்றார்.

சாயங்காலம் மனைவி போனில் கூப்பிட்டாள். "ஜாம் வந்துச்சா?"

"வந்துச்சு. நானே தனியாப் போட்டேன்."

அவள் அவசரமாக மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

அடுத்த வருடம் பழங்கள் சிவந்ததும் மனைவி, "ஸ்டாம்ப் வேணும், போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வாங்களேன்" என்றாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை.

சர்வேயர் சட்டையை மாட்டிக்கொண்டார். "கூட்டமா இருக்கும், வர லேட்டாகும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.