நான்காம் அறையின் மணி

முதியோர் இல்லத்தில் நான்காம் அறை அம்மா இறந்து இரண்டு வாரம் ஆகியும், தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு அந்த அறையின் அழைப்பு மணி அடித்தது. எலக்ட்ரீஷியன் வந்து ஒயரையே வெட்டிவிட்டுப் போனார். மறுநாளும் அடித்தது.

சின்ன வயதில் யாரோ நாள் கணக்கில் பூட்டி வைத்ததிலிருந்து, கதவு சாத்தினாலே அந்த அம்மாவுக்கு மூச்சு முட்டும். மணி அடிப்பார். "ஒவ்வொரு தடவையும் ஓடாதீங்க, பழக்கமாயிடும்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். மனக்காயம் பற்றி இரண்டு நாள் பயிற்சி முடித்தவர் அவர். அங்கே வேலை பார்த்த ஆயாவும் ஓடவில்லை. கடைசியாக ஒருநாள் பிற்பகல் மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தபோது, மணியை அழுத்திய விரல் விறைத்துப் போயிருந்தது.

இப்போது ஆயாவுக்கு மனசு கேட்கவில்லை. மூன்று மணிக்குப் போய்க் கதவைத் திறந்து வைத்து, காலிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "வந்துட்டேம்மா" என்றாள். மணி நின்றது.

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "தினமும் பத்து நிமிஷம் உட்காருங்க. டியூட்டியிலயே போட்டுடறேன்."

"ஏழாம் ரூம் ஐயாவோட பையன் விபத்துல போன நேரம் சார் அது. தனியா விட்டா நடுங்கிப் போயிடுவாரு."

"அவரு உயிரோடதானே இருக்காரு? காத்திருக்கட்டும்."

மறுநாள் ஆயா அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போது ஏழாம் அறையின் மணி அடித்தது. விடாமல் அடித்தது. அவள் பதறிப்போய் எழப் பார்த்தாள். எழ முடியவில்லை. அவள் கையை இன்னொரு கை இறுகப் பிடித்திருந்தது.