ஏறாத இருநூற்றுப் பதினாலு பேர்

வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை, ஆபீஸ் முழுக்க அபிநயா பேச்சுத்தான். செந்தில்குமாருக்கு வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? சர்க்கரை ஆலையின் உடையார்பாளையம் ஆபீசில் விவசாயிகளின் கரும்புப் பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் நாலு பேரில் அவன்தான் மூத்தவன். இப்போது புது சாப்ட்வேர் வந்துவிட்டது. பழைய பதிவையெல்லாம் அதற்கு மாற்ற, வரதராஜன்பேட்டையிலிருந்து வந்திருக்கிறாள், நேற்றுப் படித்து முடித்த இந்தப் பெண். பிரிவுப் பொறுப்பையும் அவளுக்கே கொடுத்துவிடுவார்கள் என்று வேறு காதில் விழுந்தது.

இத்தனைக்கும் அவள் என்ன கிழித்தாள்? காலையில் போனை எடுத்தால் சாயங்காலம் வரைக்கும் பேச்சு, சிரிப்பு.

அன்று அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து அவள் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தான். 'ஏறாதவை: 214' என்று இருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது அவனுக்கு. நேரே மேனேஜர் ஜெயப்பிரகாஷிடம் போனான்.

"சார், இருநூத்திப் பதினாலு விவசாயி புதுசுல ஏறவே இல்ல. வெட்டு உத்தரவு வரலன்னா கரும்பு வயல்லயே காஞ்சிடும். அந்தப் பொண்ணு இத மறச்சுட்டு போன்ல அரட்ட அடிக்குது. சும்மா விடாதீங்க சார்."

மேனேஜர் கூப்பிட்டார். அபிநயா பட்டியலோடு வந்தாள்.

"ஆமா சார், ஏறல. நட்ட தேதிக்கு நேரா எத அடிச்சாலும் பழைய சாப்ட்வேர் வாங்கிக்கிச்சு. புதுசு தேதிய மட்டும்தான் வாங்கும்."

மேனேஜர் பட்டியலை வாங்கி வாசித்தார். "பொங்கல் கழிச்சு... ஆடி மொத வெள்ளி... மழ விட்ட மறுநாள்... என்னம்மா இது?"

செந்தில்குமார் பட்டியலிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"விவசாயி சொன்னத அப்படியே அடிச்சிருக்காங்க சார். ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுத் தேதி கேட்டுக்கிட்டிருக்கேன். இன்னும் பதினோரு பேருதான் பாக்கி."

"யாரு அடிச்சது?"

"நாலு பேரு ஏத்துனது சார். யாருன்னு பாக்க வழியில்ல."

அப்பாடா என்றிருந்தது செந்தில்குமாருக்கு. வெளியே வருவதற்குள் பழைய எரிச்சலும் திரும்பிவிட்டது. யார் அடித்தது என்று கண்டுபிடிக்கக்கூடத் தெரியவில்லை, இவளுக்குப் பொறுப்பு ஒரு கேடு என்று நினைத்துக்கொண்டான்.

அபிநயா பட்டியலை அவனிடம் நீட்டினாள். "அண்ணே, பாக்கி பதினோரு பேருகிட்ட நீங்க கேட்டுச் சொல்றீங்களா? நீங்க கேட்டா ஒடனே சொல்லிடுவாங்க."

வேண்டாவெறுப்பாக வாங்கினான். ஒவ்வொரு தாளிலும் வலது ஓரம் உள்பக்கமாக மடித்திருந்தது. பிரித்தான்.

'பதிந்தவர்' என்ற தலைப்புக்குக் கீழே, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், அவன் பெயர்.