தும்மலில் வளைந்த சாலை

“இந்த மாநில நெடுஞ்சாலையை ஒத்தத் தும்மல்ல வளைச்சவன் நான்!” என்றார் சன்னாசி. சாலைக்கு அளவெடுத்த காலத்தில் கொடிக்கம்பம் பிடித்தவர். அங்கம்மா வீட்டில் மிளகாய் வறுத்த நெடி மூக்கில் ஏற, தும்மிய வேகத்தில் கம்பத்தோடு அரை பர்லாங் பறந்து விழுந்தாராம். விழுந்த இடத்திலேயே கல்லை நட்டுவிட்டார்களாம். அங்கம்மாவின் வீடு சாலைக்கடியில் போனது அப்படித்தான். கதையில் அந்த இடம் வரும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்புத் தாங்காது. வளைவில் டீக்கடை போட்டிருந்த அங்கம்மா மட்டும், “பச்சப் புளுகு” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

சாலையை அகலப்படுத்த வந்து, இன்று கதை கேட்ட என்ஜினியர் சிரிக்கவில்லை.

“மேடுமில்ல, பள்ளமுமில்ல, எதுக்கு இந்த வளைவுன்னு மண்டையப் பிச்சுக்கிட்டிருந்தேன். நீங்க சொல்றது உண்மைன்னா நேராக்கிடலாம் பெரியவரே. அந்த மாடி வீடு ஒண்ணுதான் குறுக்க நிக்குது.”

மாடி வீடு சன்னாசியுடையது. பால் காய்ச்சி இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை.

“ஐயோ சார், சும்மா அளந்து விட்டேன்! எங்க அங்கம்மா மதினியக் கேளுங்க, ஒருநாளும் நம்புனதில்ல.”

அங்கம்மா டீயை நிதானமாக ஆற்றி என்ஜினியரிடம் நீட்டினாள்.

“நடந்தது நெசந்தான் சார். மொளகா வறுத்தவளே நாந்தான்.”