அயாகினார் இறங்கிய மதியம்

“இடது கட்டை மூக்கைக் கவுத்துக்கிட்டுத் தொங்குது,” என்றான் விமானி கஸ்டி, வயர்லெஸ்ஸில். “முன்னால இழுத்துப் பிடிக்கிற ரப்பர் கயிறு அறுந்துபோச்சு.”

உறைந்த ஆற்றின் நடுவே பனிவண்டியில் உட்கார்ந்திருந்தோம், நானும் என் கொழுந்தன் யாகோவும். ஊருக்கு வரும் விமானத்தை எதிர்கொண்டு ஆளையும் சாமானையும் இறக்குவது யாகோவின் வேலை.

விமானம் தெரியவில்லை. சத்தம் மட்டும் தலைக்கு மேல் சுற்றியது. வானம் வெள்ளை, ஆறு வெள்ளை. இரண்டுக்கும் நடுவே கோடு இல்லை.

கஸ்டி சொன்ன கட்டை, குளிர்காலத்தில் விமானச் சக்கரத்துக்குப் பதில் மாட்டுகிற சறுக்குக் கட்டை. மூக்கு நிமிர்ந்திருந்தால் பனியில் வழுக்கும். கவிழ்ந்திருந்தால் குத்தும், விமானம் குட்டிக்கரணம் போடும்.

உள்ளே மூன்று பேர். ஓட்டுகிற கஸ்டி, அவன் பக்கத்து இருக்கையில் என் நாத்தனார் மகள் பெடோரா, அப்புறம் என் வீட்டுக்காரர். நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார்கள்.

“திரும்பிப் போயிடேன்டா,” என்றான் யாகோ.

“அங்கயும் பனி மூடிக்கிச்சுண்ணே. பெட்ரோலும் அரை மணிக்குத்தான்.”

“சரி, சுத்திக்கிட்டே இரு. நான் பை வெக்கிறேன்.”

குப்பை போடுகிற கறுப்புப் பைகளில் பனியை அள்ளித் திணித்து, ஐம்பது தப்படிக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே போனான். கண்ணுக்கு ஒரு கறுப்பு அகப்படாவிட்டால் தரை ஒரு அடியிலா, நூறு அடியிலா என்று மேலே இருப்பவனுக்குத் தெரியாது.

திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தான்.

“அண்ணி, அழுது தொலைக்காதீங்க. கண்ணு உறைஞ்சு ஒட்டிக்கிச்சுன்னா நான்தான் ஊதி உருக்கணும். அண்ணன் பாத்தா தப்பா நெனப்பாரு.”

“உன் வாயில சூடு இருக்குன்னு எவடா சொன்னா?”

சிரித்தோம். சிரித்தது பயத்தில்தான்.

வயர்லெஸ்ஸை அவன் கையிலிருந்து வாங்கினேன்.

“பெடோரா, அவர்கிட்ட குடு.”

அவள் ஏன் என்று கேட்கவில்லை. “காதுகிட்ட வெச்சிருக்கேன். பேசுங்கத்தே.”

மூச்சு கேட்டது.

“இந்தாங்க,” என்றேன். “போன குளிர்காலம் இதே வெள்ளையிலதான் வந்தீங்க. நீங்கதான் ஓட்டுனீங்க. நான் இங்கயேதான் நின்னேன். மெதுவா, மெதுவான்னு கத்துனேன். கேட்டீங்களா? இந்தத் தடவை அவசரம் வேண்டாம். அடுப்புல சூப்பு கொதிச்சுக்கிட்டு இருக்கு, அது எழுந்து எங்கயும் ஓடிடாது.”

வயர்லெஸ்ஸைக் காதோடு அழுத்திக்கொண்டேன். காத்திருந்தேன்.

“அத்தே,” பெடோராவின் குரல் இறங்கியிருந்தது. “தூங்கிக்கிட்டு இருந்தவரு முழிச்சுட்டாரு. இடது பக்கமே பாக்குறாரு.”

யாகோ கையுறையைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டான்.

இரண்டாவது பைக்கு நேர் மேலே, வெள்ளைக்குள்ளிருந்து விமானம் வெளியே வந்தது. இடது கட்டை செத்த பறவையின் காலைப் போலத் தொங்கியது.

வேகத்தைக் குறைத்து விமானத்தின் முகத்தை உயர்த்தினால் கட்டையும் கூடவே நிமிரும், குதிகால் முதலில் தொடும். முப்பது வருஷம் விமானியின் பெண்டாட்டியாக இருந்தவளுக்கு இது தெரியாதா? ஆனால் ரொம்பக் குறைந்தால் கல் மாதிரி விழும். அந்தப் பயத்தில்தான் எல்லோரும் வேகத்தைக் கூட்டிவிடுவார்கள்.

கஸ்டியும் கூட்டினான். எஞ்சின் அலறியது.

“போச்சு,” என்றான் யாகோ.

சட்டென்று அலறல் அடங்கியது. யாரோ பிடித்து இழுத்ததுபோல. விமானம் முகத்தை உயர்த்தியது. கட்டை நிமிர்ந்தது. குதிகால் தொட்டது. பனி புகையாக எழுந்து எல்லாவற்றையும் மூடியது.

புகை அடங்கியபோது கடைசிப் பையைத் தாண்டி, இடது பக்கம் சாய்ந்து, முழுசாக நின்றுகொண்டிருந்தது விமானம்.

கஸ்டி இறங்கினான். பனியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“நான் குறைக்கலக்கா. கூட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். அவரு கைய நீட்டி, எஞ்சின் பிடியில இருந்த என் விரலைப் புடிச்சு இழுத்தாரு. விடவே இல்ல.”

பெடோரா இறங்கி வந்து தன் தோல் அங்கியைக் கழுத்திலிருந்து இடுப்புவரை திறந்தாள்.

“புடிங்கத்தே, உங்க வீட்டுக்காரரை.”

வாங்கிக்கொண்டேன். ஒரு காட்டு வாத்தின் கனம்கூட இல்லை. பெடோரா பெற்றுப் பதினோரு நாள். செத்தவர் பெயர் எந்தக் குழந்தைக்குப் போகிறதோ அந்தக் குழந்தை அவரேதான், எங்கள் ஊரில். பிறந்த அன்றே, யாரும் சொல்லாமல் மூடி வைத்திருந்த பெயரை எடுத்து அவருக்கே திருப்பிக் கொடுத்திருந்தாள் பெடோரா: அயாகினார்.

யாகோ குனிந்தான். “வாங்கண்ணே. இப்பவாச்சும் அண்ணி பேச்சைக் கேட்டீங்களே.”

அவர் அவனைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக, ஆறு திரும்புகிற வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைச் சிமிட்டவும் இல்லை.

போன குளிர்காலம் யாகோ நொறுங்கிய விமானத்தின் தகரத்தை வெட்டி அவரை வெளியே எடுத்தது அங்கேதான். அடக்கம் முடிந்ததிலிருந்து அந்த வளைவுப் பக்கம் ஊரில் யாரும் வண்டி விடுவதில்லை.